குவாரித் தண்ணீரும் எங்கள் ஊர்க் கிணறுகளும்: 42,900 ரூபாயை இழந்த பிறகு கற்றுக்கொண்டவை

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணவரும் காலமான பிறகு, 2022 தை மாதத்தில் சென்னையை விட்டு ஊருக்கே வந்துவிட்டேன். எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் வட்டாரத்தில், செட்டிநாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவதுபோலப் பேச எங்களுக்கு ஒன்றும் கிடையாது. அங்கிருந்து கிழக்கே போகப் போக மணற்பாறைப் படிவங்கள். எங்கள் பக்கம் சில அடி தோண்டினாலே கடினப்பாறை. தண்ணீர் அந்தப் பாறையின் வெடிப்புகளுக்குள்தான் நிற்கும். அந்தக் கல்லுக்காகத்தான் குவாரிகளும் வந்தன. எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு கல்குவாரி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டதால், குழியில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விடுகிறார்கள். அந்த ஓடை ஊருணிக்குப் போகிறது. நான் வந்த முதல் கோடையிலேயே வீட்டுக் கிணற்று நீரில் சோறு வடித்தால் ஒரு மாதிரியாக இருந்தது. கிணறும் கீழே போயிருந்தது. குவாரிதான் காரணம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவில் பாதி சரி, பாதி தவறு என்பதைத் தெரிந்துகொள்ள இரண்டரை ஆண்டுகள் ஆயின. முன்னரே யாராவது சொல்லியிருந்தால் பணமும் மானமும் மிஞ்சியிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் குவாரியின் பெயரும் இதில் தேவையில்லை.

முதலில் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். 2022 ஜூன், நவம்பர், 2023 ஏப்ரல் ஆகிய மூன்று முறையும் ஆறு இடங்களில் தண்ணீர் எடுத்து, மதுரைக்கு வாடகைக் கார் வைத்துக் கொண்டு போய்த் தனியார் ஆய்வகங்களில் கொடுத்தேன். ஒரு மாதிரிக்கு 1,800 ரூபாய் வீதம் 18 மாதிரிகளுக்கு 32,400 ரூபாய்; கார் மூன்று முறைக்கு 10,500 ரூபாய். ஆக 42,900 ரூபாய். காலியான குளிர்பான பாட்டில்களை வீட்டுச் சோப்பு போட்டுக் கழுவி அவற்றில்தான் பிடித்தேன். என் வீட்டு மாதிரியைக் கிணற்றிலிருந்து எடுக்காமல் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பிடித்தேன், ஏனென்றால் அதுதான் கைக்கு எட்டியது. தண்ணீர் எடுத்த அன்றே கொண்டுபோக வண்டி கிடைக்காததால், ஓர் இரவு முழுவதும் பாட்டில்கள் அடுப்படியில் கிடந்தன. ஜூனிலும் நவம்பரிலும் ஓர் ஆய்வகம்; ஏப்ரலில் அவர்கள் தாமதம் செய்ததால் வேறோர் ஆய்வகம். இவற்றில் எதுவும் அப்போது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை.

மூன்றாவது அறிக்கை வந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. முதல் அறிக்கையில் என் கிணற்று நைட்ரேட் (உரத்திலும் பாறை உடைக்கும் வெடிமருந்திலும் இருக்கும் உப்பு) 11.2, இரண்டாவதில் 10.9, மூன்றாவதில் 51. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் எந்தத் தளர்வும் கிடையாது. ஆறு மாதத்துக்குள் நாலரை மடங்கு! 2023 மே 1ஆம் தேதி கிராம சபையில் எழுந்து நின்று, மூன்று காகிதங்களையும் கையில் வைத்துக்கொண்டு, குவாரி வெடிமருந்து எங்கள் கிணற்றில் கலந்துவிட்டது என்று பேசினேன். கூட்டம் என் பக்கம் திரும்பியதைப் பார்த்து எனக்குள் ஒரு பெருமிதம்கூட ஏற்பட்டது. குவாரித் தரப்பிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் காகிதங்களை வாங்கிப் படித்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "ஆச்சி, ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, அளவுக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றார். முதல் ஆய்வகம் "நைட்ரேட், நைட்ரஜனாக" என்று எழுதியிருந்தது. மூன்றாவது அறிக்கையில் வெறும் "நைட்ரேட்" என்று இருந்தது. நைட்ரஜனாகக் கணக்கிட்ட எண்ணை 4.43ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட்டின் அளவு வரும். 11.2ஐப் பெருக்கிப் பாருங்கள்: 49.6. ஆக, என் கிணறு ஏறக்குறைய அப்படியே இருந்திருக்கிறது. டாலருக்கும் ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் கணக்கை முடித்தது போன்ற தவறு இது. முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் குப்பை கொட்டிய நான் செய்தேன். கூட்டம் சிரித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பேசாமல் அடுத்த விஷயத்துக்குப் போனது. அதுதான் அதிகமாக வலித்தது.

பத்து நாள் வெளியே தலைகாட்டவில்லை. பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் எடுத்த மாதிரிகள் அனைத்தும் "இன்று இந்தத் தண்ணீரில் இவ்வளவு இருக்கிறது" என்று மட்டுமே சொல்லக் கூடியவை. எங்கிருந்து வந்தது, முன்பு எவ்வளவு இருந்தது, குவாரிக்குச் சம்பந்தமே இல்லாத கிணற்றில் எவ்வளவு இருக்கிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அவற்றில் பதில் இல்லை. அந்தப் பதில்களுக்காக மறுபடி ஆரம்பித்தேன்.

"முன்பு எவ்வளவு" என்பதற்கான விடை எங்கேயும் கிடைக்காது என்றே நினைத்திருந்தேன். ஆனால் குவாரி சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய விண்ணப்பத்திலேயே அது இருந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குவாரிகளும் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றாக வேண்டும். அந்த ஆவணங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் குவாரியின் விண்ணப்பத்தோடு 2019 கோடையில் மூன்று கிணறுகளில் எடுத்த ஆய்வு முடிவுகள் இணைக்கப்பட்டிருந்தன. ஓடையோரம் இருக்கும் ஒரு நிலக்கடலைத் தோட்டக் கிணறு அவற்றில் ஒன்று. அதன் நைட்ரேட் அப்போது 14, குளோரைடு 92. அனுமதி வாங்கியவர்கள் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளை ஒட்டி அரையாண்டு இணக்க அறிக்கையும் தர வேண்டும். அதையும் கேட்டு வாங்கினேன். உங்கள் ஊரில் இதே பிரச்சினை இருந்தால், ஒரு பாட்டில் தண்ணீர் எடுப்பதற்கு முன்னால் இந்தக் காகிதங்களைக் கையில் வாங்கிவிடுங்கள். நான் வாங்கும்போது ஊருக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது.

அடுத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கேள்வி. பூமிக்கு மேலே மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீருக்கும் ஒரு சரிவு உண்டு, அது கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் தெரியும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. வீடு கட்டும் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும். தெரிந்த கொத்தனாரையும் ஒரு கையாளையும் கூட்டிக்கொண்டு, ஐந்து கிணறுகளின் வாய்க்கல்லையும் டியூப் மட்டத்தால் ஒன்றோடொன்று இணைத்தோம். வரப்பில் ஒருவர், வேலிக்கு அப்பால் ஒருவர் என்று இருபது அடி இருபது அடியாக நகர்ந்ததில் ஒரு பகல் முழுவதும் போனது. கூலி 2,000 ரூபாய், சாப்பாடு என் வீட்டில். பிறகு ஒவ்வொரு கிணற்றிலும் வாய்க்கல்லிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அளந்தேன். இரும்பு டேப்பின் நுனியில் பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பூசி, சிறு எடை கட்டி இறக்கினால், தண்ணீரில் முங்கிய இடம் வரைக்கும் சாக்பீஸ் கருத்துப்போய் ஒரு கோடு விழும். வாய்க்கல்லில் பிடித்த அளவிலிருந்து அந்த நனைந்த நீளத்தைக் கழித்துவிட வேண்டும். மோட்டார் நின்று குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகாமல் அளக்காதீர்கள். நான் முதல் மாதம் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்துவிட்டு, மட்டம் ஒரு மீட்டர் இறங்கிவிட்டதாகப் பதறினேன்.

மட்டக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று இன்றும் தெரியவில்லை. என் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டம், குவாரிக்கு அடுத்திருக்கும் கிணற்றின் மட்டத்தைவிட 1.8 மீட்டர் உயரத்தில் இருந்தது. அதாவது, என் கிணற்று நீர்தான் குவாரியை நோக்கிப் போகிறது. குவாரித் தண்ணீர் என் கிணற்றுக்கு வரவே வழியில்லை. அப்படியானால் என் கிணற்றில் நைட்ரேட் எப்படி வந்தது? கிணற்றிலிருந்து நாற்பதடி தள்ளி, மாமனார் காலத்தில் வெட்டிய கக்கூஸ் உறைக்குழி இருக்கிறது. அதன் பக்கத்தில் பழைய மாட்டுக் கொட்டில். குளோரைடு 310, கூடவே கோலிஃபார்ம் கிருமி. நைட்ரேட்டோடு சேர்ந்து குளோரைடும் கோலிஃபார்மும் ஏறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மலக்குழியைத்தான். குவாரி எனக்குச் செய்த கெடுதல் வேறு: 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் இடையில் என் கிணற்று மட்டம் 2.3 மீட்டர் இறங்கியது. மேற்கே இன்னும் தள்ளியிருக்கும் கோயில் நந்தவனக் கிணறு அதே காலத்தில் 0.4 மீட்டர்தான் இறங்கியது. தரம் கெட்டது என்று கத்திக்கொண்டிருந்த எனக்கு, உண்மையில் அளவுதான் குறைந்திருந்தது.

தரம் கெட்டது ஓடையோரத்தில்தான். அங்கே இருப்பவர்களுக்கோ குவாரியின் மீது ஒரு புகாரும் இல்லை. ஓடையில் விடும் தண்ணீர் மண்ணில் இறங்குவதால் அவர்கள் கிணறுகளில் மட்டம் ஏறியிருந்தது. கடலைத் தோட்டக்காரர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "மட்டம் ஏறுதுல்ல ஆச்சி, கோடையில தண்ணி பார்த்தது எங்க அப்பன் காலத்துக்கப்புறம் இப்பத்தான்." அவரிடம் தண்ணீர் மாதிரி கேட்பதற்கே மூன்று முறை நடந்தேன். குவாரிப் பிரச்சினையில் ஊர் ஒன்றாக நிற்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்குகிறவர்கள், மேட்டுப்பக்கத்துக்காரர் இழப்பதைப் பள்ளப்பக்கத்துக்காரர் பெறுகிறார் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

மாதிரி எடுக்கும் முறையை முழுவதும் மாற்றினேன். ஆய்வகத்திலிருந்தே பாட்டில்களை வாங்கி வந்து, எடுக்கப் போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசினேன். கிருமிச் சோதனைக்குத் தருகிற கிருமிநீக்கிய பாட்டிலை மட்டும் அலசக் கூடாது. ஆழ்துளைக் கிணறானால், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டரில் எண் அசையாமல் நிற்கும் வரை, பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடம், மோட்டாரை ஓடவிட்டுத்தான் பிடிப்பேன். குழாயில் நின்றுபோன பழைய தண்ணீர் கிணற்றைப் பற்றி எதையும் சொல்லாது. மற்ற பாட்டில்களைக் காற்று நிற்காமல் வாய்வரை நிரப்பி, மூடி, இடம், தேதி, மணி ஆகியவற்றை எழுதி ஒட்டி, மீன் விற்பவர்கள் பயன்படுத்தும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, அன்றே கொண்டு போய்க் கொடுத்துவிடுவேன். உலோகங்களைச் சோதிக்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள். அந்தப் பாட்டிலில் நைட்ரேட் பார்க்கச் சொன்னால் பார்க்கிறவருக்கும் பைத்தியம், கேட்கிறவருக்கும் பைத்தியம். மீட்டரை ஒவ்வொரு முறையும் 1413 மைக்ரோ சீமென்ஸ் கரைசலில் சரிபார்த்தேன். கூடவே வீட்டு முற்றத்தில் அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீரிலும் ஒரு முறை முக்கிப் பார்ப்பேன். 30ஐ ஒட்டி வந்தால் மீட்டர் ஒழுங்காக இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி.

அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) பார்ப்பது. இது எனக்குப் பழகிய வேலை. தண்ணீரில் நேர் மின்னூட்டமுள்ள அயனிகளும் எதிர் மின்னூட்டமுள்ளவையும் சமமாக இருந்தாக வேண்டும். லிட்டருக்கு மில்லிகிராமில் தந்திருக்கும் எண்களில் கால்சியத்தை 20ஆலும், மக்னீசியத்தை 12.15ஆலும், சோடியத்தை 23ஆலும், பொட்டாசியத்தை 39ஆலும் வகுத்துக் கூட்டுங்கள்; அது ஒரு பக்கம். குளோரைடை 35.5ஆலும், பைகார்பனேட்டை 61ஆலும், சல்பேட்டை 48ஆலும், நைட்ரேட்டை 62ஆலும் வகுத்துக் கூட்டினால் மறுபக்கம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, இரண்டின் கூட்டுத்தொகையில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என் பழைய அறிக்கைகளில் ஒன்று 22 சதவீதம் உதைத்தது. இப்படி உதைத்தால் ஆய்வகத்தில் திரும்பக் கேளுங்கள்; மறுசோதனை செய்து தருவார்கள், எனக்குத் தந்தார்கள். அங்கீகாரம் பெற்ற ஒரே ஆய்வகத்தைக் கடைசிவரை பயன்படுத்துவதும், ஒரு கிணற்றுத் தண்ணீரையே இரண்டு பெயரில் கொடுத்து ஒத்துவருகிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கங்கள்.

இப்படி ஐந்து கிணறுகளிலும் ஓடைக் குழாய் வாயிலும் ஓராண்டு எடுத்ததில் தெரிந்தது இது. 2019இல் 14 ஆக இருந்த கடலைத் தோட்டக் கிணற்றின் நைட்ரேட், குவாரி தினமும் இறைத்த 2023 ஆகஸ்டில் 38. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு 21. மறு கோடையில் மீண்டும் 36. குளோரைடோ 92இலிருந்து 98 ஆனதோடு சரி, கோலிஃபார்ம் இல்லை. ஆகவே மலக்குழி இல்லை. அந்தப் பருவத்தில் தோட்டக்காரர் உரம் போடவே இல்லை. வழக்கம்போல உரம் போட்ட மேட்டுப்பக்கத் தோட்டத்துக் கிணற்றில் மாற்றமும் இல்லை. குழாய் வாயிலேயே பிடித்த தண்ணீரில் நைட்ரேட் 61, கொஞ்சம் அம்மோனியாவும் இருந்தது. பாறை உடைக்கும் வெடிமருந்துகளின் அடிப்படையே அம்மோனியம் நைட்ரேட்தான். ஈரமான துளைகளில் வெடிக்காமல் மிஞ்சுவதும் சிந்துவதும் கரைந்து குழித் தண்ணீரில் சேர்கின்றன. ஓடைப் புறம்போக்கில் நின்று, 200 லிட்டர் பீப்பாயைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப 40 விநாடி ஆவதைக் கடிகாரத்தில் பார்த்தேன்: விநாடிக்கு 5 லிட்டர், நாளுக்கு ஆறு மணி நேரத்தில் 1,08,000 லிட்டர். அதை 61ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஆறரைக் கிலோ நைட்ரேட் ஓடைக்குள் போகிறது. இதில் மிகவும் கவனிக்க வேண்டியது, அந்தக் கிணற்றின் மின்கடத்துதிறன் 780இலிருந்து 870க்குத்தான் ஏறியிருந்தது என்பது. இதே மின்கடத்துதிறனை அளந்து கரைந்த உப்பின் மொத்தத்தைக் காட்டும் ஐந்நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டரை முக்கிவிட்டு "டிடிஎஸ் அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர் நல்லாத்தான் இருக்கிறது" என்று சொல்கிறவர்களிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

இந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சியரகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வழக்கில் ஆதாரமாக நிற்கும் கழிவுநீர் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிதான் எடுக்க வேண்டும். இடத்துக்கு உரியவருக்கு அறிவிப்புக் கொடுத்து, எடுத்ததை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் தெர்மாகோல் பெட்டியில் சுமந்ததெல்லாம் அந்தச் சட்டத்தின்படி ஆதாரம் ஆகாது. ஆனால் எந்த மாதத்தில், எந்த இடத்தில், எதைச் சோதிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல அது போதும். மனுவில் நான் "குடிநீர் விஷமாகிவிட்டது" என்று எழுதவில்லை. "குவாரி இறைக்கும் நாளில், குழாய் வாயிலும் இந்த இரண்டு கிணறுகளிலும் நைட்ரேட், அம்மோனியா ஆகியவற்றைச் சோதிக்கக் கோருகிறேன்" என்று எழுதி, அட்டவணையை இணைத்தேன். ஏழு மாதம் கழித்து வந்தார்கள், எடுத்தார்கள். அவர்கள் எண்ணும் என் எண்ணும் பெரிதாக மாறுபடவில்லை.

அதன் பிறகு குவாரியில் தண்ணீரைத் தேக்கித் தெளியவிடும் தொட்டி கட்டினார்கள். முன்பு சாம்பல் நிறத்தில் ஓடிய ஓடை இப்போது தெளிவாக ஓடுகிறது. ஊருணியும் தெளிந்துவிட்டது, ஊரும் திருப்தி அடைந்துவிட்டது. ஆனால் தொட்டியில் தங்குவது கல்மாவு மட்டுமே. கரைந்த நைட்ரேட் எந்தத் தொட்டியிலும் படியாது. கடைசியாக எடுத்தபோது கடலைத் தோட்டக் கிணறு 34 காட்டியது. வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆயினும் அந்தத் தோட்டக்காரர் வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் பேத்தி இருக்கிறாள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதை அதிக நைட்ரேட் தடுத்துவிடும்; தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதனால் கோடையில் பால் கரைக்க மட்டும் வேறு தண்ணீர் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். குடிநீர் வடிகால் வாரிய மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் சோதித்துக்கொள்ளலாம் என்பதையும் அவருக்குச் சொன்னேன். எனக்கே அது கடைசியில்தான் தெரிந்தது.

என் வீட்டு உறைக்குழியை மூடிவிட்டு, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் நூறடி தள்ளி, அடிப்பக்கம் கான்கிரீட் போட்ட செப்டிக் டேங்க் கட்டினேன். 85,000 ரூபாய் ஆனது. இதைக் குவாரிக்காரரிடம் கேட்க முடியாது. அது முடிந்து ஒரு மழைக்காலம் போயிருக்கிறது. 51 ஆக இருந்த என் கிணறு இந்தத் தையில் 47 காட்டியது. சித்திரையில் மறுபடி எடுக்க வேண்டும்.